கொல்லைக் கதவும் இரண்டு கீலும்

நாகப்பட்டினம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தப்பாமல் விட்டுக்கொள். உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும்.

நான் பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் ஒரு பெட்டி. எங்கள் பழைய வீட்டுக் கொல்லைக் கதவு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நாம் பூனை மாதிரி நுழைவோம், அது கிறீச்சென்று கத்தி அப்பாவை எழுப்பிவிடும். வீட்டை இடித்தபோது அதில் ஒரு பலகையை எடுத்து வைத்திருந்தேன். நல்ல தேக்கு. அதை அறுத்து, இழைத்து, பேத்தியின் சோழியும் பாசிமணியும் போட்டு வைக்க ஒரு பெட்டி செய்தேன். ஒரு அடி நீளம். பலகை கனம் 12 மில்லிமீட்டர், மூடியும் அதே கனம்.

அந்தக் கதவுக்குக் கீலே கிடையாது, கவனித்திருக்கிறாயா? மரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, நிலையில் இருந்த குழியில் நின்று சுழன்றது. கத்தல் தாங்காத அன்று அம்மா அந்தக் குழியில் விளக்கெண்ணெய் விடுவாள், அவ்வளவுதான் பராமரிப்பு. அதே மரத்தில் செய்த பெட்டி, இரண்டு கீலுக்காக என்னை மூன்று வாரம் ஆட்டி வைத்துவிட்டது.

முதலில் வாங்கியதிலேயே ஏமாந்தேன். இந்த உப்புக் காற்றில் இரும்பு சரிப்படாது என்று பித்தளைக் கீல் கேட்டேன். பளபளவென்று எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தால், டக்கென்று பிடித்துக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா? இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். அடுத்த கடைக்குக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பார்க்கட்டும். ஒன்றரை அங்குலக் கீல் ஒரு ஜோடி எடுத்தேன். ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஆட்டிப் பார்த்து, லொடலொடவென்று இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். கீலில் ஆட்டம் இருந்தால் மூடி பக்கவாட்டில் நகரும், முன் மூலை இரண்டும் சேரவே சேராது.

சரி, பொருத்துகிற கதைக்கு வருகிறேன். எல்லாம், கீல் தகடு உட்கார மரத்தில் செதுக்குகிற பள்ளத்தின் ஆழத்தில்தான் இருக்கிறது. தகடு இரண்டும் சேருகிற இடத்தில் உருண்டையாக ஒரு குழல் இருக்குமே, என் கீலில் அதன் கனம் 4 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 2 மில்லிமீட்டர் ஆழம் பெட்டியில், இன்னொரு 2 மூடியில். ஆழம் குறைந்தால் பின்பக்கம் சந்து தெரியும். கூடிவிட்டால் அதைவிட மோசம்: பின்பக்கம் முதலில் முட்டிக்கொள்ளும், முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அழுத்தி மூடினால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். உளி தீட்டிய சந்தோஷத்தில் நான் அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் செதுக்கிவிட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீற்றாக வெட்டிக் கீலுக்கு அடியில் வைத்தேன், வாய் மூடிக்கொண்டது. யார் வீட்டுப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன், உனக்கும் வந்திருக்கும்.

பென்சிலால் கோடு போட்டதும் என் தப்புதான். பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு, எந்த ஓரத்தில் வெட்டுவது? இரண்டாவது கீலுக்குக் கீலையே மரத்தில் வைத்து, கத்தி முனையால் சுற்றிக் கீறினேன். அந்தக் கீறலில் உளி தானாகப் போய் உட்கார்ந்தது.

அப்புறம் ஸ்க்ரூ. பித்தளை மிருது, தேக்கில் நேரே முடுக்கினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். ஒன்று அப்படித்தான் போனது. உடல் இன்னும் மரத்துக்குள்ளேயே இருக்கிறது, அந்தக் கீலை ஒரு விரல் தள்ளிப் போட்டேன். பிறகு பழகியது இது: சின்னதாகத் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றிக் கழற்றிவிடுவது. வழி உண்டான பிறகு, பித்தளை ஸ்க்ரூவை மெழுகுவத்தியில் உரசி ஏற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. நீளமும் பார்க்க வேண்டியிருந்தது. அரை அங்குல ஸ்க்ரூ ஒன்று மூடியின் மேலே முள் மாதிரி எட்டிப் பார்த்தது. நல்லவேளை, பேத்தியின் கைக்கு முன்னால் என் கைதான் அதில் பட்டது. எல்லாவற்றையும் அந்த நீளத்தில் முக்கால் பங்கே உள்ள ஸ்க்ரூவாக மாற்றினேன். பெரிதாகிப்போன துளையில் பெவிகால் தடவிய தீக்குச்சியைச் சொருகி அறுத்துவிட்டேன்.

இப்போது மூடி சத்தமில்லாமல் மூடுகிறது. முழுக்கப் பின்னால் சாய்ந்து கீலைக் கழற்றிவிடாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய சங்கிலியும் போட்டாயிற்று. கொண்டி மட்டும் பாக்கி. உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையில் சின்னதாகப் பித்தளைக் கொண்டி கிடைத்தால் வாங்கி வை. கட்டாயம் காந்தத்தோடு போ. கண்ணுக்கு ஓய்வு கொடுத்த பிறகு போனால் போதும், அவசரமில்லை.

உன் மச்சான்