‘அநியாயமாகத்தான் சாகடிக்கும்’ என்ற வரி பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘மைட்டி நம்பர் 9’ என்ற வீடியோ கேம் பற்றி வந்த கட்டுரையில், “மெகா மேன் வழியில் வந்த கேம் அல்லவா, அநியாயமாகத்தான் சாகடிக்கும்” என்று ஒரு வரி. மெகா மேன் என்ற பழைய கேம் தொடரின் இரண்டாவதான மெகா மேன் 2-ஐ உட்கார்ந்து ஆடிய எவருக்கும் அது வலிக்கும்.

அதில் ஒவ்வொரு ஸ்டேஜின் முடிவிலும் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, இருப்பான். க்விக் மேன் என்ற பாஸின் ஸ்டேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டிலிருந்து ஒளிக்கற்றைகள் பாயும். தொட்டால் உயிர் போச்சு. ஆனால் முதலில் ஃப்ளாஷ் மேன் என்ற இன்னொரு பாஸைத் தோற்கடித்தால், நேரத்தை நிறுத்தும் டைம் ஸ்டாப்பர் என்ற ஆயுதம் கிடைக்கும். அதைப் போட்டால் கற்றைகள் அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை போட்டால் எனர்ஜி தீரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், எந்த இடத்தில் போடுவது என்பதுதான் கணக்கு. ஹீட் மேன் ஸ்டேஜில் தோன்றி மறையும் கட்டைகளும் அப்படித்தான். ஏர் மேனை முடித்து ஐட்டம் 2 என்ற பறக்கும் பலகையை வாங்கி வந்தால், கட்டையில் கால் வைக்காமலே பறந்து தாண்டலாம். சாகடிக்கிற இடத்துக்கெல்லாம் அந்த கேமுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது.

மைட்டி நம்பர் 9-இல் இதுதான் இல்லை. சுட்டுத் தளர்த்திய எதிரியை டாஷ் அடித்து, அதாவது வேகமாகப் பாய்ந்து, உறிஞ்ச வேண்டும் என்பது நல்ல யோசனை. சின்ன எதிரிகளிடம் சுகமாகவும் இருக்கிறது. பாஸ் சண்டையில் அதுவே உறுத்துகிறது. பாஸின் உயிரைக் காட்டும் ரத்தக் கோட்டில் ஒரு பங்கு குறைந்ததும் உடனே பாய்ந்து உறிஞ்சாவிட்டால், குறைத்த பங்கு திரும்ப ஏறிவிடும். தள்ளி நின்று பாஸின் அசைவைப் படித்து அடிப்பதுதான் மெகா மேன் கற்றுத்தந்த பழக்கம். இங்கே அப்படி ஆடுகிறவருக்குத்தான் தண்டனை. கவுன்டர்ஷேட் என்ற பாஸின் ஸ்டேஜில், தூரத்திலிருந்து சுடும் அவனைத் துரத்திக்கொண்டு அதே அறைகளைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியிருக்கிறது. அலுப்புக்கும் கஷ்டத்துக்கும் வித்தியாசம் இல்லையா, ஐயா?

இந்த கேமை உருவாக்க, 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 67,000-க்கும் மேற்பட்டோர் 38 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் வருவதாகச் சொன்ன கேம் 2016 ஜூனில்தான் வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ரசிகர்கள் ‘அதிகம் எதிர்பார்த்துவிட்டார்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

மைட்டி நம்பர் 9-க்குப் பின்னால் இருந்த கெய்ஜி இனாஃபுனேவை ‘மெகா மேனை உருவாக்கியவர்’ என்று நீங்கள் எழுதுவதும் இது முதல் தடவையல்ல. 1987-இல் வந்த முதல் கேமையும் அடுத்ததையும் வடிவமைத்து நடத்தியவர் அகிரா கிடமுரா. முதல் உருவத்தை வரைந்ததும் அவர்தான். இதை இனாஃபுனேவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். முன்பு இது பற்றி எழுதிய கடிதத்தை நீங்கள் பிரசுரிக்கவில்லை.

படத்தின் சதுரப் புள்ளிகள், அதாவது பிக்சல், தெரிந்தாலே ‘8-பிட்’ (1980-களின் மெஷின் கேம்) என்று முத்திரை குத்துவதையும் சொல்லியாக வேண்டும். 2014-இல் பழைய பாணியில் வந்த ஷவல் நைட் என்ற கேம் அகலத்திரையில் ஓடுகிறது. பழைய மெஷினில் ஒரே வரிசையில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சின்னப் படத்துண்டுக்கு) மேல் போனால் வருகிற மினுக்கல் அதில் கிடையாது. செத்தால் மீண்டும் தொடங்கும் இடமான செக்பாயின்டை உடைத்தால் காசு, உடைத்துவிட்டுச் செத்தால் இன்னும் பின்னாலிருந்து ஆட வேண்டுமே என்ற பயம், இரண்டையும் ஆடுகிறவர் கையிலேயே விடுகிறது. பழையதன் நியாயம் அதில் இருக்கிறது. உங்கள் இதழில் அதற்கு இரண்டு பத்தி கிடைத்ததாகத்தான் நினைவு.

கேட்பது ஒன்றுதான். இனி இத்தகைய கேம்களை விமர்சிக்கும்போது, எந்த மெஷினில் ஆடினீர்கள், டிவியில் கேம் மோட் போட்டிருந்தீர்களா என்று ஒரு வரி சேருங்கள். அது போடாத டிவியில் பட்டனை அழுத்தியதற்கும் ஜம்புக்கும் நடுவே சில ஃப்ரேம் தாமதம் சேரும். அந்தப் பழியும் கேம் மேல் விழும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்