செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, எலக்ட்ரீசியன், பிளம்பர், பெயிண்டர் உறுப்பினர்களே, வணக்கம்.

ஆயுத பூஜை, மே தினக் கொடியேற்றம், உறுப்பினர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு நான் முழு மூச்சாக எடுத்துக்கொண்டது விபத்துக் காப்பீட்டு வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் நம் பெயிண்டர் ஒருவர் சாரக் கயிறு அவிழ்ந்து விழுந்ததில் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. எக்ஸ்ரே படத்தைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் மனைவியும் நானும் காண்ட்ராக்டரைப் பார்க்கப் போனோம். "சதுரடிக் கணக்குல பேசி எடுத்த வேலைங்க. அவர் என்கிட்ட சம்பளத்துக்கு நின்ன ஆள் இல்லையே" என்று முடித்துவிட்டார். வேலை நடந்த வீட்டின் உரிமையாளர் ஆட்டோவுக்குக் கொடுத்ததோடு சரி.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கான இழப்பீட்டுச் சட்டம் வேலைக்கு வைத்தவர் யார் என்றுதான் முதலில் கேட்கும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயும் அப்படியே. சொந்தமாக வேலை பிடித்துச் செய்கிற நமக்கு இரண்டிலும் இடமில்லை. ஆனால் நாம் கூட்டிப்போகும் கையாள் விழுந்தால், அதே சட்டம் நம்மையே முதலாளி என்று பிடிக்கும். இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் சிலர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மத்திய அரசின் விபத்துக் காப்பீடான பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் பிரீமியம் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். ஒரு கை, கால் அல்லது கண் போனால் 1 லட்சம். வங்கியில் படிவம் கொடுத்து, மே கடைசியில் கணக்கில் பணம் வைத்திருங்கள். இல்லாவிட்டால் காப்பீடு அறுந்துபோகும். ஆனால் எலும்பு முறிந்து கூடிவிட்டால் அதில் ஒரு பைசா கிடையாது. நம் பெயிண்டர் அதில் இருந்தும் பயனில்லை. மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டார்.

அதனால்தான் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கும் பணம் தரும் குழு விபத்துப் பாலிசிக்கு அலைந்தேன். இத்தகைய பாலிசிகளில் பொதுவாகக் காப்பீட்டுத் தொகையில் வாரம் 1 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, தருகிறார்கள். குழுவாகச் சேர ஆள் வேண்டும். ஆதார் நகல் கேட்டால் "நாளைக்கு" என்றவர்கள் இன்னும் தரவில்லை. இதற்கென்றே கூட்டிய கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. நலவாரிய அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கிதான் காரணம். மண்டபம் தந்தவருக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும், நிர்வாகிகள் அனைவருக்கும் நன்றி.

பாலிசிக்கான பிரீமியத்தைச் சங்கம் தனியாகத் தாங்க முடியாது. சந்தா நிலுவை வந்தால் ஒரு பங்கைச் சங்கம் போடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். பெயர்ப் பட்டியல் மேடையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாரிசுதாரர் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்