மீதி வைத்த கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத்தான் ராத்திரியில் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

காசாவில் சண்டை நின்றுவிட்டதே, இனியாவது நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தபோது நம்ம நாப்லஸ்காரரிடமிருந்து, அதான் இஸ்ரேல் பிடியிலிருக்கும் மேற்குக் கரையைச் சேர்ந்த அந்தப் பாலஸ்தீனரிடமிருந்து, வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. ஷார்ஜாவில் நம் ஃபிளாட்டில் இருந்தாரே, ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஆலிவ் எண்ணெய் கொண்டுவருவார், ஒழுகாமலிருக்க மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கும். அவர் ரொட்டியை எண்ணெயில் தொட்டு அப்புறம் ஸாத்தர் பொடியில் தொட்டுச் சாப்பிடுவார், நீ அதே எண்ணெயை இட்லிப்பொடியில் ஊற்றிக் குழைப்பாய். பணி ஓய்வு பெற்று இப்போது ஊரில்தான் இருக்கிறார்.

2025 அக்டோபர் 10 அன்று காசாவில் போர்நிறுத்தம் வந்ததல்லவா, அந்த வாரம்தான் அவர் ஊரில் ஆலிவ் பறிப்பு. குடும்பமே மரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் பறித்துக்கொண்டிருந்தபோது, மேட்டில் இஸ்ரேலியர்கள் வந்து அமைத்த குடியேற்றத்திலிருந்து முகத்தை மூடிய பையன்கள் தடிகளோடு இறங்கி வந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இஸ்ரேல் ராணுவம் வந்து, இது மூடப்பட்ட ராணுவப் பகுதி என்று சொல்லி, இவர்களைத்தான் வெளியே அனுப்பியதாம். பறித்த காயைக்கூட எடுக்க விடவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் மேற்குக் கரையில் குடியேறிகள் நடத்திய 260-க்கும் மேற்பட்ட தாக்குதல்களை ஐ.நா. பதிவு செய்திருக்கிறது. எங்கள் பக்கம் எந்தப் போர்நிறுத்தமும் வரவில்லை தம்பி என்றார். அழவில்லை, கோபப்படவுமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

உன் கேள்விக்கு என் பதிலும் அங்கேதான் இருக்கிறது. காசாவில் குண்டு நின்றது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஹமாஸிடம் உயிரோடு மிஞ்சியிருந்த 20 இஸ்ரேலியப் பணயக்கைதிகளும் வீடு திரும்பினார்கள், சிறையிலிருந்த பாலஸ்தீனர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் விடுதலையானார்கள். ஆனால் அதற்கப்புறமும் காசாவில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். டிரம்ப்பின் 20 அம்சத் திட்டத்தைப் பார், பாலஸ்தீனத் தனிநாடு என்பது கிட்டத்தட்டக் கடைசியில், அதுவும் சீர்திருத்தம் நடந்து, மறுகட்டுமானம் முன்னேறி, அப்படியானால் அதற்கு ஒரு வழி பிறக்கலாம் என்ற அளவில்தான் வருகிறது. 2025 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய தீர்மானமும் அதே பாஷைதான் பேசுகிறது.

இதைத்தானே 1993-ல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் போட்ட ஆஸ்லோ ஒப்பந்தத்திலும் செய்தார்கள்? எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எது எதெல்லாம் கஷ்டமோ அது அத்தனையையும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். 1999-க்குள் முடிந்திருக்க வேண்டும். இடையில் யார் யாருக்கு வேண்டாமோ அவர்களெல்லாம் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான், ஹமாஸ் பேருந்துகளில் குண்டு வைத்தது, 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினை ஒரு யூதனே சுட்டுக் கொன்றான். அப்போது மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் குடியேறிகள், இன்றைக்கு, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, ஐந்து லட்சம். பேச்சுவார்த்தை எந்த நிலத்தைப் பற்றியதோ அந்த நிலமே கைமாறிக்கொண்டிருந்தது.

இதோடு எகிப்தை வைத்துப் பார். 1979-ல் இஸ்ரேலோடு சமாதான ஒப்பந்தம், 1981-ல் எகிப்து அதிபர் சாதாத்தைச் சொந்த நாட்டுக்காரர்களே கொன்றார்கள். அத்தோடு எல்லாம் போயிற்று என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1982 ஏப்ரலில் இஸ்ரேல் தான் பிடித்து வைத்திருந்த எகிப்தின் சினாயைவிட்டுக் கிட்டத்தட்ட முழுசாக வெளியேறியது, யாமித் குடியேற்றத்தை இஸ்ரேல் ராணுவமே, கூரைமேல் ஏறி நின்று எதிர்த்த தன் மக்களை இறக்கிவிட்டு, இடித்துத் தள்ளியது. அதைச் செய்தது இடதுசாரி அரசு இல்லை, வலதுசாரிப் பிரதமர் பெகினின் அரசு. காசா இரண்டு வருஷம் எரிந்தபோதுகூட அந்த ஒப்பந்தம் முறியவில்லை. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்ட தலைவரைக் கொன்றார்கள், ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. நிலக் கணக்கை முடித்துவிட்டார்களா, மீதி வைத்தார்களா என்பதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது. நடுவே பாலைவனம் இருந்ததும் அமெரிக்கப் பணமும் காரணம் என்று நீ சொல்வாய், அதுவும் உண்மைதான். சினாயில் யாரும் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இன்னொருவர் குடியிருக்கவில்லை.

இஸ்ரேலியர்களின் பயம் பொய் என்றும் நான் சொல்லவரவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 1,200 பேரில் பெயெரி என்ற கிப்புட்ஸை (கூட்டுக் குடியிருப்பை) சேர்ந்த விவியன் சில்வரும் ஒருவர், 74 வயது. காசாவிலிருந்து வரும் நோயாளிகளைத் தன் காரில் ஏற்றி இஸ்ரேல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். பணயக்கைதியாகப் பிடித்துப் போயிருப்பார்கள் என்று ஐந்து வாரம் காத்திருந்தார்கள், கடைசியில் எரிந்த வீட்டில் கிடைத்த எச்சங்களை வைத்து இறந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. அவர் மகன் வேலையை விட்டுவிட்டு இப்போது அம்மாவின் சமாதானப் பணியைச் செய்கிறார். அதே காசாவில் போர்நிறுத்தம் வந்தபோதே கொல்லப்பட்டவர்கள் 67,000-க்கும் மேல் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொல்கிறது. அந்த மகனைப் போல இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள் நண்பா, ஆட்சியில் மட்டும் இல்லை.

ஆக, நிலைக்குமா என்றால், இப்போதிருக்கிற மாதிரியே போனால் நிலைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேற்குக் கரையில் புது வீடு கட்டுவது நின்றால், ஒரு தேதி போட்டுத் தனிநாடு என்று எழுதினால், பாலஸ்தீனர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைமை ஒன்று வந்தால், அன்றைக்கு வேறு பதில் எழுதுவேன்.

நாப்லஸ்காரர் உன்னை விசாரித்தார். ஷார்ஜாவில் இருக்கும் தன் தங்கை மகனிடம் எண்ணெய் கொடுத்துவிடுகிறாராம், உன் மருமகன் டிசம்பரில் வரும்போது வாங்கிக்கொள்ளட்டும். இந்த முறை அரை பாட்டில்தான் இருக்கும் என்று சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்