சம்புக்குள் நாலு தகடு

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே கன்னிப்பூ அறுவடை தொடங்கிவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்வதால் களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடுவதும் திறப்பதுமாகவே பொழுது போகிறது. மகளுக்கு மார்த்தாண்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றதெல்லாம் நேரில்.

அப்பாவின் அம்பாசடரை மறுபடி ரோட்டில் இறக்கி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். 40 கொண்டை ஊசி வளைவு மக்கா. ஏறும்போது வண்டி மெல்லத்தான் போகும், பயமில்லை. இறங்கும்போது பிரேக்கும் வளைவும் சேர்ந்து வரும். என் அம்பாசடருக்கு வந்தது உன் வண்டிக்கு வரக்கூடாது.

போன வருஷம் குடும்பத்தோடு காளிகேசம் போய்விட்டு கீரிப்பாறை வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி நிறைய ஆள். வளைவுகளில் டேஷ்போர்டிலுள்ள ஆயில் பிரஷர் விளக்கு இரண்டு தடவை மின்னி அணைந்தது. வயரிங் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். தடிக்காரன்கோணம் தாண்டுவதற்குள் எஞ்சினில் டக் டக் என்று அடி கேட்க ஆரம்பித்தது. அணைத்துவிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் கம்பியை கிராங்க் என்ற சுழல்தண்டோடு சேர்க்கும் பிக் எண்ட் பேரிங் ஒன்றில் வெள்ளை உலோகம் உரிந்து, அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. காலையில் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்காமல் அவர் சாவியைத் தொடமாட்டார்.

அன்று ஆயில் கீழ்க்கோட்டில்தான் இருந்தது. அது என் தவறு. ஆனால் கிராங்கை 0.010 அங்குலம் கடைந்து, அதற்கேற்ற அண்டர் சைஸ் பேரிங் போட்டு, மேல்கோடு வரை ஆயில் ஊற்றிய பிறகும் சங்கதி தீரவில்லை. செம்புக்குழாய் வைத்த பிரஷர் மீட்டர் ஒன்றை டேஷ்போர்டில் மாட்டியிருந்தேன். நேர் ரோட்டில் 50-ல் நிற்கும் முள், இறக்கத்து வளைவில் பிரேக் பிடித்தால் 20-க்கு விழுந்து எழும்பும்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பு ஒரு திறந்த தொட்டி. பம்ப் எண்ணெயை உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னர் ஒரே இடத்தில் நிற்கும், எண்ணெய் நிற்காது. பிரேக் போட்டால் முன்னால் ஓடும், வளைத்தால் பக்கவாட்டில் ஏறும். அந்த ஒரு நொடியில் பம்ப் காற்றை உறிஞ்சும். கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவதே நடுவிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தால்தானே. பிரஷர் மிகவும் இறங்கிய பிறகுதான் விளக்கு எரியும். அதை நம்பாதே. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் நம்முடைய இதே 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின்தான். அதை ரேஸில் ஓட்டுகிறவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் சம்பும் ஒன்று.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நாலு புறமும் 1.6 மில்லிமீட்டர் தகட்டில் சுவர் எழுப்பினோம். இரண்டு சுவரில் கீல் வைத்த சின்னக் கதவு. உள்பக்கம் மட்டும்தான் திறக்கும். மீன் கூட்டுக்குள் போன மீன் மாதிரி, உள்ளே வந்த எண்ணெய் திரும்பிப் போகாது. மற்ற இரண்டு சுவரின் அடியிலும் துளை விட்டோம், இல்லாவிட்டால் பழைய ஆயிலை மாற்றும்போது முழுதும் வடியாது. மேலே ஒரு தகட்டு மூடி. அதற்கும் சுற்றும் கிராங்குக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, பேரனின் விளையாட்டுக் களிமண்ணை மூடியின் மேல் ஒட்டி, சம்பை மாட்டி, கிராங்கைக் கையால் சுற்றினோம். ஒரு மூலையில் களிமண் நசுங்கியிருந்தது. அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம்.

வெல்டிங்கில்தான் கவனம் வேண்டும். சூட்டில் சம்பின் விளிம்பு வளைந்துவிட்டால் எத்தனை பேக்கிங் போட்டாலும் ஒழுகும். கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, இங்கே ஒரு புள்ளி அங்கே ஒரு புள்ளி என்று வைக்கச் சொல். முடிந்ததும் வெளியே சுண்ணாம்பு பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி வை. கசிவு இருந்தால் வெள்ளையில் ஈரம் தெரியும். வெல்டிங் பொறி ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. கதவு தடையில்லாமல் ஆடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார். பயந்து ஆயிலை மேல்கோட்டுக்கு மேலே ஊற்றிவிடாதே. கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையும் காற்றுதான்.

போன வாரம் அதே கீரிப்பாறை இறக்கத்தில் வேண்டுமென்றே அழுத்திப் பிரேக் பிடித்தேன். முள் 45-க்குக் கீழே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "என்னப்பா, ரோட்டைப் பாக்காம அதையே பாக்கீங்க?" என்றாள்.

காலண்டர் அட்டையில் வெட்டிய அச்சுகளை இதோடு அனுப்புகிறேன். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். உன் சம்பில் வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் உடனே போன் போடு. அதுவரை வால்பாறைக்குக் கிளம்பாதே.

உன் தக்கலை நண்பன்