36 கேம் எடுத்தவர் தோற்றார்

ஜூலை 21, 2019

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது மாடிப்படி ஏறுகிறார்கள். உன் மாற்றல் என்ன ஆயிற்று என்று வாத்தியார் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அவருக்கு நீயே ஒரு வரி எழுதிவிடு.

போன ஞாயிறு ராத்திரி கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி நடந்த லார்ட்ஸ் மைதானத்தை விட்டு நீ நகரவில்லை என்று தெரியும். சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரி எண்ணிக் கோப்பையைக் கொடுத்தார்கள் என்ற உன் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசியில், "உன் ஜோகோவிச்சும் அன்றைக்கு ஓசியில்தான் வாங்கினான்" என்று ஒரு வரி போட்டாயே, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே நாள் விம்பிள்டன் டென்னிஸ் இறுதியில் உன் பெடரரை ஜோகோவிச் தோற்கடித்ததைத்தானே சொல்கிறாய்?

முதலில் உன் பக்கத்துக் கணக்கை நானே சொல்லிவிடுகிறேன், சுவிஸ்காரர் பெடரரின் பக்தனான உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். ஐந்து செட், ஜோகோவிச்சின் கேம் முதலில்: 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. கேம்களைக் கூட்டினால் பெடரருக்கு 36, என் ஆள் ஜோகோவிச்சுக்கு 32. பாயிண்ட் 218க்கு 204. எதிராளி தொட முடியாத சர்வான ஏஸ் 25க்கு 10. எதிராளி எட்ட முடியாமல் அடித்து எடுத்த வின்னர் 94க்கு 54. எதிராளி சர்வ் செய்த கேமைப் பறித்தது பெடரர் ஏழு முறை, இவர் மூன்றே முறை. ஸ்கோரை மறைத்துவிட்டு இந்தத் தாளை மட்டும் வாத்தியாரிடம் நீட்டினால், நாலு செட்டில் பெடரர் ஜெயித்தார் என்பார்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்றுதான். எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும் ரிட்டர்னில் உலகத்திலேயே சிறந்த ஆள், நாலாவது செட்டில் 2-5 என்று பின்தங்கும் வரை அந்தக் கேமைப் பறிக்க இன்னும் ஒரே பாயிண்ட் என்கிற பிரேக் பாயிண்ட் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. டியூஸ் பக்கத்திலிருந்து, அதாவது தன் வலப்பக்கத்திலிருந்து, பெடரர் பந்தைச் சீவி ஸ்லைஸ் போட்டு அகலமாகச் சர்வ் செய்தால், புல்லில் பந்து சறுக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறது. எட்டிப் பிடித்துத் திருப்பினாலும் குட்டையாகத்தான் விழும். அடுத்த அடிக்கு பெடரர் உள்ளே வந்து நிற்கிறார். ராலி நீண்டால் பேக்ஹேண்ட் ஸ்லைஸ். பந்து கணுக்கால் உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. எதிராளியின் வேகத்தை வாங்கித் திருப்பி அடிப்பவருக்கு வேகமே கொடுக்காவிட்டால், குனிந்து அள்ளி, தானே வேகம் சேர்க்க வேண்டும். இரண்டாவது செட்டில் அதைச் செய்யக் கால் வரவில்லை. மூன்று சர்வ் கேமை இழந்து, அரை மணிக்குள் செட் போயிற்று.

ஜோகோவிச் இறுதிக்கு வந்த வழியும் சுலபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் டொமினிக் தீமிடம் தோற்ற பிறகு புல்லில் ஒரு ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) போட்டிகூட ஆடாமல் வந்தார். இறுதிக்கு முன் சந்தித்ததில் பெரிய சீட் (போட்டிக்குக் கொடுக்கும் தரவரிசை) என்றால் 21ஆம் சீட் கோஃபான். ஹுர்காச்சிடமும் பாடிஸ்டா அகுட்டிடமும் ஒவ்வொரு செட் விட்டார். பெடரரோ ஹாலே புல்தரைப் போட்டியின் கோப்பையோடு வந்து அரையிறுதியில் நடாலை முடித்திருந்தார்.

இப்போது என் பக்கம். கேம் சமனில் நிற்கும் செட்டைத் தீர்க்கிற டை-பிரேக் மூன்றையும் தனியாக எடுத்துப் பார். 7-5, 7-4, 7-3. மொத்தம் 33 பாயிண்ட், அதில் 21 இவருக்கு. மிச்ச ஆட்டத்தில் பெடரர் 23 பாயிண்ட் முன்னால். அந்த 33 பாயிண்டில் இவர் தானாகச் செய்த தவறு ஒன்றுகூடக் கிடையாது, பெடரருக்குப் பதினொன்று. முதல் டை-பிரேக்கில் 3-5 என்று பின்தங்கியிருந்தவர் வரிசையாக நாலு பாயிண்ட் எடுத்தார். சாகச அடி தேவைப்படவில்லை. வலைக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு, ஆழமாக, நடுவிலும் பேக்ஹேண்ட் பக்கமும் போட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு பந்து அடி, இன்னொன்று அடி என்று பெடரரைக் கேட்கிற ஆட்டம் அது. சீக்கிரம் முடிக்கப் பார்ப்பவர் அங்கேதான் கோட்டைத் தாண்டுகிறார்.

பவுண்டரி எண்ணியதோடு இதைச் சேர்க்காதே. ஆட்டம் முடிந்த பிறகு எதையோ எண்ணவில்லை. ஐந்தாவது செட்டில் 12-12 ஆனால் டை-பிரேக் என்பது இந்த வருஷ விதி, இருவருக்கும் முன்பே தெரியும். போன வருஷம் ஆண்டர்சனும் இஸ்னரும் 26-24 வரை இழுத்ததால் வந்தது.

ஐந்தாவது செட், பெடரர் சர்வ், 8-7, 40-15. ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை, அதற்கு இரண்டு வாய்ப்பு. உனக்கு இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். முதல் பாயிண்டில் பெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போயிற்று. அடுத்ததில் நெட்டுக்கு ஏறினார், இவர் குறுக்கே ஃபோர்ஹேண்டில் பந்தை அவரைத் தாண்டிக் கடத்திவிட்டார். 2011 யு.எஸ். ஓபன் அரையிறுதியிலும் ஐந்தாவது செட், பெடரர் சர்வ், இதே 40-15, அன்றும் ஜெயித்தது இவர்தான். விம்பிள்டன் ஆண்கள் இறுதியில் சாம்பியன்ஷிப் பாயிண்டைக் காப்பாற்றி ஒருவர் ஜெயித்தது 1948க்குப் பிறகு இப்போதுதான்.

ஆனாலும் மாப்ளே, அடுத்த மாதம் 38 ஆகப்போகிற மனிதர் 4 மணி 57 நிமிஷம் அப்படி ஆடிவிட்டுத் தோற்று நின்றதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமே வரவில்லை. கூட்டம் முழுக்க அவர் பெயரைக் கத்தியதில் எனக்குக் கோபமும் இல்லை.

என் கவலை ஆகஸ்ட் 26இல் தொடங்கும் யு.எஸ். ஓபனைப் பற்றியது. நியூயார்க்கில் போன வருஷக் கோப்பையை இவர் காப்பாற்ற வேண்டும். டை-பிரேக்கை நம்பி ஏழு மேட்ச் ஆட முடியாது. ஒன்பது டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் பாயிண்ட் போவது) போட்ட அந்த இரண்டாவது சர்வைப் பயிற்சியாளர் இவானிசெவிச் பக்கத்தில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். ஹார்ட் கோர்ட்டில் ஸ்லைஸ் இவ்வளவு தாழாது, ரிட்டர்னும் திரும்பிவிடும் என்று நினைக்கிறேன்.

பதிலில் ஒன்று மட்டும் சொல். அந்த இரண்டாவது பாயிண்டில் பெடரர் நெட்டுக்கு ஏறியது சரியா? ஏறியது சரிதான், ஏறுவதற்கு முன் அடித்த பந்தில் ஆழம் போதவில்லை என்பது என் கட்சி. வாத்தியார் ஏறியதே தப்பு என்கிறார்.

அன்புடன்,
உன் மச்சான்