சிரட்டைக் கரியில் காய்ந்த வேதப்புத்தகம்

ஏரல் சுற்றுவட்டாரத்து மக்களுக்கும், எங்களைத் தேடி வந்த எல்லாருக்கும்,

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாளாகிறது. வீட்டில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கடலோர ஊர்களிலிருந்து படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்களை மாடியிலிருந்து இறக்கிய மீனவ அண்ணன்மாருக்கு நன்றி. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, முழங்கால் சகதியில் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்கள், சோறும் பாயும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தவர்கள், ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலம் போட்டவர்கள், கோயில் தரையைச் சுரண்டிக் கழுவிய பெண்கள், வாலிபப் பிள்ளைகள், உங்கள் பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அம்மா ராத்திரி ஜெபத்தில் உங்களை ஒருத்தர் விடாமல் நினைக்கிறார்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணாச்சி.

தண்ணீர் வடிந்த பிறகு அம்மா எங்கள் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தாத்தா காலத்துப் புத்தகம். குடும்பத்தில் நடந்த பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் அதன் முதல் பக்கங்களில் எழுதியிருக்கும். தாத்தா மைப்பேனாவால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகக் கரைந்துவிட்டது. மறைந்துபோன அப்பா பால்பாயின்ட் பேனாவில் எழுதியது மட்டும் தப்பியிருந்தது. தாள்கள் ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி கனத்தது. பிரித்தால் கிழியும், விட்டால் பூசணம் பிடிக்கும்.

அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தாங்கக்கா, நான் பாக்கேன்" என்றார்.

அவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். ஊர்க்காரர் துணியெல்லாம் சேற்றில் கிடந்தது. பரணில் இருந்த ஒரு மூட்டை சிரட்டைக் கரி மட்டும் நனையவில்லை. அதை இஸ்திரிப் பெட்டியில் போட்டு, அனல் தணிந்து சாம்பல் பூக்கும்வரை காத்திருப்பார். ஈர்க்குச்சியால் தாளைப் பிரித்து, மேலும் கீழும் பழைய வேட்டித் துணியை வைத்து, அழுத்தாமல் பெட்டியை நகர்த்துவார். அப்புறம் அடுத்த தாள். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அம்மா சொன்னதற்கு, "துணி போனா வேற எடுத்துக்கிடலாம். இது அவிய கையெழுத்துல்லா" என்றார்.

முதல் பக்கங்கள் முடிந்ததும், "பண்டிகைக்கு எந்தப் பக்கம் வேணும்க்கா? அதை முதல்ல எடுக்கேன்" என்று கேட்டார். அவர் கும்பிடுவது வேறு சாமி. அந்த வாரம் முழுக்க அழாத அம்மா அப்போதுதான் அழுதார். லூக்கா இரண்டாம் அதிகாரம் என்றார். பிறகு ஏசாயா ஒன்பது. மூன்று சாயங்காலம் இதற்கே போனது.

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கிற நான்கு வாரம்தான் திருவருகைக் காலம்; ஞாயிறுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அதில் மூன்றாம் மெழுகுவர்த்தியை, சந்தோஷத்துக்கென்று வைக்கிற மெழுகுவர்த்தியை, 17ஆம் தேதி ஞாயிறு காலையில் கொட்டுகிற மழையில் ஏற்றினோம். அன்றைக்கு ராத்திரி மாடியில் இருட்டில் உட்கார்ந்து அதை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வருஷா வருஷம் காத்திருப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். நட்சத்திரம் கட்டுவதும் கேரல் ரவுண்ட்ஸும் புதுத்துணியுமாக நான்கு வாரமும் ஓடிவிடும். இந்த வருஷம் உண்மையாகவே காத்திருந்தோம். தண்ணீர் வடிய, பொழுது விடிய, யாராவது வர. வந்தார்கள். ஆண்டவர் வருவார் என்று நான் இனி சொல்லும்போது அந்தப் படகுச் சத்தமும் இந்தக் கரி வாசனையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நான்காம் ஞாயிறு 24ஆம் தேதியே வந்துவிட்டதால் கடைசி மெழுகுவர்த்திக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான். விடியற்கால ஆராதனைக்குக் கிளம்புமுன் அம்மா அப்பளம் போல நெளிந்த தாள்களைத் திருப்பி வாசித்தார். சத்திரத்தில் இடமில்லை என்ற வசனத்தில் குரல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இரண்டு ராத்திரி படுத்திருந்தோம் அல்லவா? மீதியை நான் வாசித்தேன்.

அண்ணாச்சி காசு வாங்கவில்லை. இந்த மடலில் பேர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார், சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் முதல் பக்கத்தில், அப்பாவின் எழுத்துக்குக் கீழே, அவர் பேரை எழுதச் சொல்லி அம்மா பால்பாயின்ட் பேனாவை என் கையில் கொடுத்திருக்கிறார்.