அழைப்பிதழில் விட்டுப்போன பெயர்

டீச்சருக்கு வணக்கம்.

இப்படிக் கூப்பிட்டாலே "அண்ணே, நான் டீச்சர் இல்லைண்ணே, தன்னார்வலர்" என்று திருத்துவீர்கள். முதல் நாளிலிருந்து திருத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள், நம் தெருவில் ஒருவரும் கேட்டபாடில்லை. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவும் இல்லை. அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. உங்களைக் கேட்காமல் போட்டால் திட்டு விழும். பெயர் விட்டுப்போனதைப் பற்றி எழுதும் கடிதத்திலும் பெயர் இல்லாமல் போவது ஒரு கூத்துதான். இருக்கட்டும்.

போன செப்டம்பர் 5 அன்று நடந்த ஆசிரியர் தின விழாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். மண்டபத்தில் பதினொரு பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்கள், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தவர், கபடி சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், அப்புறம் சில பிரமுகர்கள். எல்லோரும் தகுதி இல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். கபடி மாஸ்டருக்குப் பத்து வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் எதற்காக மேடையில் இருந்தார்கள் என்று அழைப்பிதழ் அச்சடித்த எனக்கே தெரியவில்லை. "கல்விக் காவலர்" என்று போடச் சொன்னார்கள், போட்டேன். அச்சகம் வைத்திருப்பவன் பட்டம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், விசாரிக்கக் கூடாது.

அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மண்டபத்துப் பின்வாசலில், உங்கள் பிள்ளைகள் ஆறேழு பேரை வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். வரவேற்பு நடனத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ததும் நீங்கள். ஆட்டம் முடிந்ததும் தொகுப்பாளர் "குழந்தைகளுக்கு ஒரு பெரிய கைதட்டு" என்றார். சொல்லிக்கொடுத்தது யார் என்று அவருக்குக் கொடுத்த தாளில் எழுதவில்லை. அந்தத் தாளையும் தட்டச்சு செய்தவன் நான்தான்.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். விழாக் குழுவில் உங்கள் பெயர் வந்தது. கபடி மாஸ்டர்தான் எடுத்தார். "அந்தப் பிள்ளை ஐடிகே சென்டர் நடத்துச்சே, அதுக்கும் ஒண்ணு செய்யலாமே" என்றார். உங்கள் இல்லம் தேடிக் கல்வி மையத்தைத்தான் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் "அவங்க ஆசிரியர் இல்லையே, ஆசிரியர் தினத்துல எப்படி?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்களுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன், மகனை உங்கள் திண்ணைக்கு அனுப்பியவன் என்பதால் பார்த்தார்கள். நான் "ஆமாம்ல, அடுத்த வருசம் மகளிர் தினத்துல பாத்துக்கலாம்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், பதினொன்றோடு அழைப்பிதழ் ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்கியிருந்தது. பன்னிரண்டாவது பெயர் வந்தால் எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதல்வர் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்தபோது, எங்கள் வீட்டில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் தெருவிலேயே சொல்லிக்கொடுக்கும் ஆறு மாதத் திட்டம் என்றார்கள். தொடக்க வகுப்புக்குப் பாடம் எடுக்கப் பன்னிரண்டாவது முடித்திருந்தால் போதும், ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டம் வேண்டும், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். "ஆயிரம் ரூபாய்க்கு யார் வருவா?" என்று கடையில் சிரித்தோம். மாநிலம் முழுக்கச் சுமார் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். நம் தெருவிலிருந்து நீங்கள் போனீர்கள்.

என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. அதாவது பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஏறக்குறைய பத்தொன்பது மாதம். ஒன்றாம் வகுப்பின் கடைசியில் வீட்டுக்கு வந்தவன், மூன்றாம் வகுப்பின் நடுவில் திரும்பிப் போனான். 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசம் தெரியாது, கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது. செல்போனில் மட்டும் எல்லாம் தெரியும். நான் அடித்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நீங்கள் அவனுக்கு முதல் இரண்டு வாரம் எதுவுமே சொல்லிக்கொடுக்கவில்லை. பல்லாங்குழி ஆட வைத்தீர்கள். இதென்ன விளையாட்டு என்று கேட்க வந்தவன், திண்ணைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். புளியங்கொட்டையை அள்ளிக் குழி குழியாகப் போட்டுக்கொண்டு, "இங்க அஞ்சு இருக்கு, எனக்கு எட்டு வேணும், பக்கத்துக் குழியில கடன் கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கடன் வாங்கிக் கழித்தல்! எனக்கே அன்றைக்குத்தான் அது ஏன் கடன் என்று புரிந்தது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள் என்றும், அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். சரியான எண் 24 சதவீதம். இதைப் படித்தபோது உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் தாளில் குறித்துவைத்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் யாரோ கல்யாணப் பத்திரிகைக்கு அளவு எழுதிவிட்டார்கள். இப்போது சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு இந்த வேலை ஒன்றும் புதிதில்லை என்று எங்கள் அம்மா சொல்வார்கள். 1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது உங்கள் அம்மாவும் ஒரு தொண்டர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல்குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வரும் பெண்களுக்கு இரவில் அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்து சொல்லிக்கொடுத்தார்களாம். சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் நம் மாவட்டத்தின் தனிக்கதை. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அதில் உங்கள் அம்மாவும் போனார்கள், திரும்பி வரும்போது முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார்கள், என்று எங்கள் அம்மா இன்னமும் சிரிக்கிறார்கள். அந்த முட்டிக்கு மஞ்சள் பத்துப் போட்டது தான்தான் என்று பெருமை வேறு.

அந்த ஆயிரக்கணக்கான தொண்டர்களில் எத்தனை பேருக்கு ஊர் பொன்னாடை போர்த்தியது? நம் ஊரில் ஒருவருக்கும் இல்லை. உங்கள் வீட்டில் இது இரண்டாவது தலைமுறை.

விருது கொடுப்பவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மாநில நல்லாசிரியர் விருது டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் வருகிறது, 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும். அதை வாங்க வேலை ஆணை பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். தேசிய விருதுக்கோ 2018 முதல் ஆசிரியர் தாமே இணையத்தில் தம்மை முன்மொழியலாம், செய்த வேலைக்குப் படமும் வீடியோவும் ஏற்ற வேண்டும். இரண்டிலும் உங்களுக்கு வழியில்லை. இருந்தாலும் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆள் இல்லை. உங்கள் திண்ணையில் எடுத்த புகைப்படங்களில் எல்லாம் பிள்ளைகளின் முதுகுதான் இருக்கிறது, ஏனென்றால் படம் எடுப்பது நீங்கள்.

மதுரை ஒத்தக்கடை பக்கம் கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் பள்ளிக்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தார். இறந்துபோன மகளின் நினைவாக. வங்கியில் கிளார்க்காக வேலை செய்பவர். 2024 குடியரசு தின விழாவில் முதல்வர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார், மொத்தத் தமிழ்நாடும் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். நிலத்தைக் கொடுத்தால் பத்திரம் இருக்கும், சென்ட் கணக்கு இருக்கும், மதிப்புப் போட முடியும். நீங்கள் கொடுத்தது சாயங்காலம். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை, எந்தப் பதிவு அலுவலகத்திலும் ஏறாத சொத்து. திட்டத்தை அப்புறம் நீட்டினார்கள், மையங்களைக் குறைத்தார்கள், உங்கள் மையம் கணக்கிலிருந்து போனது, ஆயிரம் ரூபாயும் நின்றது. திண்ணையில் விளக்கு மட்டும் எரிகிறது. கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

இப்போது என் கடையில் வேலை பார்க்கும் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான் அல்லவா, அவன்தான். அவன் வகுப்பு உங்கள் மையத்தில் கிடையாது. நீங்கள் எடுத்தது ஒன்று முதல் ஐந்து. ஆனாலும் அந்தக் கடைக்கு நீங்கள் போய் தினமும் டீ குடித்தீர்கள். டீயே பிடிக்காதவர்! நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, "எங்க சென்டர்ல சின்னப் புள்ளைங்க நெறைய சேந்துடுச்சு, வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க ஆள் இல்லை, நீ வர்றியா?" என்று கேட்டீர்களாம். படிக்க வா என்று கூப்பிடவே இல்லையாம். இதை அவன்தான் சொன்னான். படிக்கக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன் என்றும் சொன்னான்.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான், பெரிய பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-க்குப் பிறகு எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார், பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் நடத்தினார். இங்கிலாந்துக்குப் போய் அதற்கு மெட்ராஸ் முறை என்று பெயர் வைத்துப் பிரபலமானார். உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்திருக்காது, தேவையும் இல்லை. பையன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தான், சொல்லிக்கொடுக்கப் படித்தான், ஒன்பதாவது சேர்ந்தான். இப்போது பாலிடெக்னிக். சனிக்கிழமை காலையில் என் கடை, சாயங்காலம் உங்கள் திண்ணை.

விழா அழைப்பிதழுக்குப் பிழை பார்த்ததும் அவன்தான். பிரமுகர் ஒருவர் பெயரில் ஒற்று விட்டிருந்ததைக் கண்டுபிடித்தான். திருத்திவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, அக்கா பேரு எங்கண்ணே?" என்றான்.

"அடுத்த வருசம்டா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. போய் மெஷினைப் போட்டான். எழுநூறு பிரதி ஓடி முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நினைத்து, இப்போதுதான் உட்கார முடிந்தது.

பொன்னாடை கொண்டுவரப் போகிறேன் என்று பயப்பட வேண்டாம். பொன்னாடையை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது, என் அப்பாவுக்கு வந்த ஐந்தும் பீரோவில் பூச்சி உருண்டையோடு கிடக்கின்றன. அடுத்த விழாவுக்குப் பட்டியல் எழுதும்போது முதல் பெயராக உங்களுடையதைப் போடச் சொல்லப்போகிறேன். எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டி வந்தால் பிரமுகர்கள் பக்கம் குறைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்பீர்கள். உங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பையனுக்காக மேடை ஏறி வாருங்கள், அவன் என்னோடு சரியாகப் பேசி மாதக்கணக்கில் ஆகிறது.

திண்ணையின் கரண்ட் பில்லை இந்த மாதம் முதல் நான் கட்டுகிறேன். இதற்கு மட்டும் மறுப்புச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு அட்டை கிழிந்துபோச்சு என்று மகன் சொன்னான். இருபத்தைந்து அட்டை அடித்து லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தட்டச்சு செய்தது நான்.

இப்படிக்கு,
அச்சகத்து அண்ணன்